வைக்கோல் கன்றுக்கு எந்தப் பசை ஏற்றது?

கன்று இறந்த எருமையையும் நாட்டுப் பசுவையும் கறப்பது எவ்வளவு சிரமம் என்பது கறவை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். மடி நிறையப் பால் இருக்கும். காம்பைத் தொட்டால் உதைக்கும். அல்லது பாலை அடக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். இரண்டு மூன்று நாள் இப்படியே போனால் மடி கட்டிக்கொள்ளும். மடிவீக்க நோய்க்கும் இடமாகும். அந்த ஈற்றே வீணாகிவிடும். இதற்கு நம் முன்னோர் கண்ட வழிதான் வைக்கோல் கன்று. இறந்த கன்றின் தோலை உரித்து, வைக்கோலைத் திணித்துத் தைத்து, தாயின் முன்னே நிறுத்திக் கறப்பார்கள். சென்னைப் பட்டணத்தில் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து கறந்த காலத்தில் பால்காரரோடு இந்த வைக்கோல் கன்றும் தெருத் தெருவாக வந்ததைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

இன்றும் பல கிராமங்களில் இந்த வழக்கம் இருக்கிறது. ஆனால் தோலை வைக்கோல் உடம்பின் மேல் ஒட்டுவதற்கு எந்தப் பசையை உபயோகிப்பது என்பதில் கவனம் செலுத்துவோர் குறைவு. கையில் கிடைத்ததைப் பூசிவிடுகிறார்கள். அதனால் வரும் கேட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஈரோடு மாவட்டத்தில் பயிற்சி முகாம் ஒன்றை முடித்துக்கொண்டு புறப்படும் வேளையில், ஓர் அம்மாள் தன் வீட்டு எருமையைப் பார்த்துவிட்டுப் போகும்படி அழைத்தார். வீட்டில் இருந்தது அந்த ஓர் எருமைதான். கன்று பத்தாம் நாள் கழிச்சலில் இறந்துவிட்டது. மகன் தோலை உரித்து அழகாகவே ஒரு கன்று செய்திருந்தான். ஒட்டுவதற்குச் சுவரொட்டி ஒட்டுபவரிடம் ஒரு வாளி மைதாப் பசை வாங்கியிருக்கிறான். எருமை நான்கு நாள் நன்றாகச் சுரப்பு விட்டது. ஐந்தாம் நாள் கன்றின் பின்புறத் தையலை நக்கி நக்கியே பிரித்து, பசையோடு சாக்கையும் வைக்கோலையும் இழுத்துத் தின்றுவிட்டது. மறுநாள் முதல் தீனி எடுக்கவில்லை, கழிச்சலும் கண்டது. பசையின் நிறத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கியது. பூச்சியும் பூஞ்சணமும் பிடிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலந்திருந்தார்கள். "ஏனுங்க, கன்னுதான் போச்சு. பசையாலே எருமையையும் இழக்கணுமுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார். கால்நடை மருத்துவர் வந்து சிகிச்சை அளித்து எருமை பிழைத்தது. பால் மட்டும் பழைய அளவுக்கு வரவில்லை.

சுவரொட்டியை மாடு கிழித்துத் தின்பது காகிதத்துக்காக அல்ல, பசையின் ருசிக்காகத்தான் என்பதை நாம் தினமும் தெருவில் பார்க்கிறோம். அப்படியிருக்க, தன் கன்று என்று நினைத்து நாள் முழுவதும் நக்கப்போகும் தோலுக்கு அடியில் என்ன பூசுகிறோம் என்பதை யோசிக்க வேண்டாமா?

பால் எப்படி இறங்குகிறது?

கன்றின் மணமும் அதை நக்கும் சுகமும் மூளைக்கு எட்டியதும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு நீர் தாயின் இரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது. அது பால் ஊறும் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருக்கிப் பாலைக் கீழே தள்ளுகிறது. இதன் வேகம் ஐந்தாறு நிமிடத்துக்குத்தான். அச்சமோ வலியோ ஏற்பட்டால் அட்ரினலின் என்னும் வேறொரு நீர் சுரந்து இந்த வேலையைத் தடுத்துவிடும். எருமையின் மடியில் உள்ள பாலில் ஏறத்தாழ 95 சதவீதம் நுண்ணறைகளிலேயே நிற்கும். காம்புக்கு மேலுள்ள பால் குழியில் தங்குவது மிகச் சொற்பம். ஆகவே சுரப்பு விடாத எருமையைக் கறந்து பயனில்லை. ஜெர்சி போன்ற கலப்பினப் பசுக்கள் கன்று இல்லாமலும் கறக்கும். எருமைக்கும் காங்கேயம் போன்ற நாட்டு மாட்டுக்கும்தான் இந்தத் தொல்லை அதிகம்.

தாய் கன்றை அடையாளம் காண்பது முக்கியமாக மூக்கால். பசையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்கக் கூடாது. ஆக்சிடோசின் ஊசியைப் போட்டுக் கறக்கும் குறுக்கு வழியை யாரும் நாட வேண்டாம். கறவை மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் வகையில் பாலுக்காக ஊசி போடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமாகும்.

முதலில் ஒரு எச்சரிக்கை

எந்தக் கன்றின் தோலை உரிக்கலாம், எதை உரிக்கக் கூடாது என்பது பசையைவிட முக்கியம். நன்றாக இருந்த கன்று திடீரென்று இறந்து, வாய், மூக்கு, ஆசனவாய் வழியே கறுத்த, உறையாத இரத்தம் வடிந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். அந்த உடலில் கத்தியே படக் கூடாது. காற்றுப் பட்டதும் அந்தக் கிருமி விதை போன்ற உருவெடுத்து மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். உரிப்பவர் உயிருக்கும் ஆபத்து. நாய் கடித்து இறந்த கன்றையும், சப்பை நோய், தொண்டை அடைப்பான் கண்ட கன்றையும் உரிக்க வேண்டாம். மாதம் நிறையாமல் விழுந்த கன்றை வெறுங்கையால் தொடவே கூடாது. அது கருச்சிதைவு நோயாக இருந்தால் மனிதருக்கும் தொற்றிப் பல மாதம் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். சந்தேகம் இருந்தால் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கால்நடை மருத்துவரின் யோசனையைக் கேட்ட பிறகே கத்தியை எடுக்க வேண்டும். ஈனும்போது சிக்கி இறந்தது, மிதிபட்டு இறந்தது, விபத்தில் இறந்தது போன்ற கன்றுகளே இதற்கு ஏற்றவை. முன்னே சொன்ன எருமையின் கன்று கழிச்சலில் இறந்தது. அதையும் உரித்திருக்கக் கூடாது என்பதே என் அபிப்பிராயம்.

பசைக்கு வேண்டிய குணங்கள்

வெறும் வைக்கோல் திணித்தால் போதாதா, பசை எதற்கு என்று சிலர் கேட்கலாம். பத்து நாளுக்கு மட்டும் வேண்டுமானால் பசை தேவையில்லை. இரண்டு மூன்று மாதம் நிற்க வேண்டுமானால் தேவை. தோல் காயும்போது சுருங்கும். கழுத்து, தோள்பட்டைக்குப் பின்புறம், விலா முடியும் பள்ளம் ஆகிய இடங்களில் அது உடம்பைவிட்டு எழும்பி நிற்கும். எழும்பிய இடத்தில் ஈரம் தங்கும். பூஞ்சணமும் தோல் வண்டும் சேரும். தாய் முட்டும்போது அங்கேதான் கிழியும்.

பச்சைத் தோல் ஈரமானது. ஆகையால் ஈரத்திலேயே பிடிக்கும் பசைதான் வேண்டும். பூசியவுடன் இறுகிவிடாமல், தோலை இழுத்துச் சரிசெய்ய அரை மணி நேரமாவது இடம் கொடுக்க வேண்டும். அந்நிய வாடை கூடாது. தாய் தின்றாலும் கேடு வரக் கூடாது. இந்த நான்கில் எது குறைந்தாலும் அந்தப் பசை நமக்கு உதவாது. எவ்வளவு வலுவாக ஒட்டுகிறது என்பதைப் பலர் முதலில் பார்க்கிறார்கள். வைக்கோல் கன்றைப் பொறுத்தவரை அதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

மிருகங்களைப் பாடம் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களும் மிக வலுவான பசையைத் தேடுவதில்லை. மைசூரில் 1900 முதல் 1999 வரை நடந்த வான் இங்கன் தொழிற்கூடம் புலி, சிறுத்தைகளைப் பாடம் செய்வதில் உலகப் புகழ் பெற்றது. காகிதக் கூழால் உடம்பு செய்து அதன் மேல் தோலைப் போர்த்தும் முறை அங்கே இருந்தது. மேல்நாடுகளில் இத்தொழிலில் பெரிதும் உபயோகப்படுவது டெக்ஸ்ட்ரின் பசை. இது மாவுச்சத்தை வறுத்துச் செய்வது. அஞ்சல் உறையின் ஓரத்தில் இருக்கும் பசைக்கு உறவு. ஈரத்தோலில் பிடிக்கும், மெதுவாக உலரும் என்பதே இதன் சிறப்பு. ஆனால் அவர்களுடைய எல்லா முறைகளும் நமக்கு ஆகா. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் பெக்கூர் என்பவர் பாஷாணம் கலந்த சோப்பைத் தோலின் உட்புறம் பூசும் முறையைக் கண்டார். பூச்சி அண்டாது என்பதால் அது நெடுங்காலம் நீடித்தது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் நிற்கும் விலங்கை யாரும் நக்கப்போவதில்லை. நம் கன்றின் கதை வேறு.

சரி, நம் ஊரில் கிடைப்பவை எப்படி? தச்சர்கள் உபயோகிக்கும் வச்சிரம் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்ததுதான். தோலோடு நன்றாகச் சேரும். ஆனால் அதைச் சூடாகப் பூச வேண்டும். பச்சைத் தோல் 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு பட்டால் வெந்து சுருண்டுவிடும். சூடு ஆறினாலோ வச்சிரம் உடனே உறைந்துவிடும், தோலை நகர்த்த முடியாது. மழைக்காலத்தில் இளகி நாறவும் செய்யும். பெவிகால் போன்ற வெள்ளைப் பசை மரத்துக்கும் காகிதத்துக்கும் மிக நல்லது. அது தீவனம் அல்ல. காய்ந்தபின் பிளாஸ்டிக் போன்ற ஏடாக நிற்கும், தாய் அதை உரித்து மெல்லும். பஞ்சர் ஒட்டும் ரப்பர் சொல்யூஷன் ஈரத்தில் ஒட்டாது; அதன் வாடைக்கே எருமை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் அரால்டைட் வகைகளும் ஈரமும் கொழுப்பும் உள்ள தோலுக்கு ஆகா. தாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மைதாப் பசை தன்னளவில் குற்றமற்றது. மயில்துத்தம் சேர்க்காமல் வீட்டிலேயே காய்ச்சினால் உபயோகிக்கலாம். ஆனால் இரண்டே நாளில் புளித்துவிடும். கரப்பானும் எலியும் தேடி வரும். ஈரம் பட்டால் விட்டுவிடும்.

என் சிபாரிசு புளியங்கொட்டைப் பசை. பறை செய்பவர்கள் கன்றுத் தோலை மரச்சட்டத்தில் ஒட்டுவது இதனால்தான். அனலில் காய்ச்சினாலும், நாள் முழுவதும் அடித்தாலும் அந்தத் தோல் கழல்வதில்லை. தோலையும் பசையையும் அவர்களைவிட அறிந்தவர்கள் நம் கிராமத்தில் வேறு யாரும் இல்லை. முடிந்தால் அவர்களிடமே காய்ச்சும் பக்குவத்தைக் கேட்டுக்கொள்வது நலம். நூலுக்குக் கஞ்சி போடவும் சணல் ஆலைகளிலும் புளியங்கொட்டை மாவு உபயோகமாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தோல் நீக்கிய புளியங்கொட்டை மாட்டுக்குத் தீவனமாகப் போடுகிற பொருள்தானே!

காய்ச்சும் முறை

ஒரு கன்றுக்குக் கால் கிலோ புளியங்கொட்டை போதும். மணலில் போட்டு வறுத்து, இடித்து, மேலே உள்ள சிவந்த தோலைப் புடைத்து நீக்க வேண்டும். அந்தத் தோலில் துவர்ப்புச் சத்து அதிகம். மாட்டின் வயிற்றுக்கு ஆகாது. பருப்பை மாவாக அரைத்துச் சலித்தால் சுமார் 150 கிராம் கிடைக்கும். இதைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீர் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருபது நிமிடம் கொதிக்கவிட வேண்டும். ஊத்தப்ப மாவின் பதம் வந்ததும் இறக்கலாம். மாவுக்கு மாவு வித்தியாசம் இருப்பதால் நீரின் அளவைக் கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளவும். பூஞ்சணம் வராமலிருக்க ஒரு தேக்கரண்டி படிகாரத் தூளும் சிறிது மஞ்சள் தூளும் போதும். பசையில் உப்புச் சேர்க்கக் கூடாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டே கசிந்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே பூச வேண்டும். மிச்சம் இருந்தால் மறுநாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

தோலைத் தயார் செய்தல்

கோடைக்காலத்தில் கன்று இறந்த சில மணி நேரத்துக்குள் உரித்துவிட வேண்டும். தாமதித்தால் மயிர்க்காலில் அழுகல் தொடங்கி, பிறகு கை பட்ட இடமெல்லாம் முடி கொத்தாக வரும். அத்தகைய தோலை எந்தப் பசையும் காப்பாற்றாது. உரிப்பதற்கு முன் மூக்கு நுனியிலிருந்து வால் அடி வரை நீளம், மார்பின் சுற்றளவு, கால் உயரம் மூன்றையும் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்துகொள்ளவும். அதே சமயம் கன்றின் உடம்பை ஒரு கோணியால் நன்றாகத் துடைத்து வைக்கவும். தோல் தயாராகும் இரண்டு மூன்று நாளும் அந்தக் கோணியைத் தாயின் முகத்தருகே கட்டி, அடர்தீவனம் காட்டி, வெதுவெதுப்பான நீரால் மடியை நீவி, பழகிய ஆளே கறக்க வேண்டும்.

தோலின் உட்புறம் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுக்கவும். கொழுப்பின் மேல் பசை பிடிக்காது. நான் பார்த்த பழுதுகளில் பாதிக்கு மேல் இதனால் வந்தவைதான். தோல் மூன்று கிலோ இருந்தால் ஒன்றரை கிலோ கல்லுப்பைப் பொடித்து உட்புறம் முழுவதும், காது மடலையும் உதட்டையும் விடாமல், அழுத்தித் தேய்க்க வேண்டும். பாதியை முதல் நாளும் மீதியைக் கால் கிலோ படிகாரத் தூளுடன் கலந்து இரண்டாம் நாளும் தேய்க்கலாம். நீர் வடியச் சரிவான பலகையில் மடித்து நிழலில் வைக்கவும். உப்புநீரில் ஊறப்போட வேண்டாம், மணம் போய்விடும். மயிர்ப்புறத்தைச் சோப்போ பினாயிலோ போட்டுக் கழுவுவது எல்லா வேலையையும் கெடுக்கும்.

ஒட்டுதல்

மூன்றாம் நாள் உப்பை உதறி, உட்புறத்தை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்துவிடவும். காய்ந்த வைக்கோலைச் சணல் சாக்கில் இறுகத் திணித்து, அளவுக் கயிற்றைவிடச் சற்றே சிறியதாக உடம்பு செய்துகொள்ள வேண்டும். பெரிதாக இருந்தால் தோல் காயும்போது தையல் வெடிக்கும். கால்களுக்கு மூங்கில் போதும். கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறு அல்லது சணல் கயிறு. ஆணி, கம்பி, பிளாஸ்டிக் சாக்கு, நைலான் கயிறு எதுவும் வேண்டாம். மாடு விழுங்கிய கம்பி இரைப்பையைக் குத்தி இருதயம் வரை போய் உயிரை வாங்கிய சம்பவங்கள் கால்நடை மருத்துவமனைகளில் சாதாரணம்.

சாக்கின் மேலும் தோலின் உட்புறமும் பசையை மெல்லிதாகப் பூசிப் பத்து நிமிடம் ஊறவிடவும். தடிமனாகப் பூசினால் உள்ளே காயாமல் புளிக்கும். முதலில் முதுகுத்தண்டைச் சரியாகப் பொருத்தி, அங்கிருந்து வயிற்றை நோக்கி உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். தலை, கழுத்து, பின்புறம் மூன்றும் தாய் அதிகம் நக்கும் இடங்களாதலால் அங்கே கூடுதல் கவனம் தேவை. வயிற்றுப் பக்கம் சணல் நூலால் நெருக்கமாகத் தைத்து, பள்ளமான இடங்களில் பழந்துணிப் பட்டையைச் சுற்றி இரண்டு நாள் இறுகக் கட்டிவைக்கவும். காயவைப்பது நிழலில், காற்றோட்டத்தில். வெயிலில் வைத்தால் மேல்தோல் விறைத்து உள்ளே ஈரம் அடைபடும். முழுதும் காய ஒரு வாரம் ஆகும். அதற்கு முன்பே காட்ட வேண்டியிருந்தால், கறக்கும் நேரத்துக்கு மட்டும் கொண்டுபோய், பக்கத்தில் நின்று, உடனே எடுத்துவிடுங்கள்.

காய்ந்தபின் விரலால் தட்டிப் பார்க்கவும். கெட்டியான ஓசை வந்தால் ஒட்டியிருக்கிறது. தப்பு அடித்தது போல் ஒலித்தால் அங்கே தோல் எழும்பியிருக்கிறது. அந்த இடத்தை ஈரத்துணியால் நனைத்து, சிறு துளையிட்டு, நீர்த்த பசையைப் பீய்ச்சி மறுபடி கட்டினால் சரியாகும். புளியங்கொட்டைப் பசையில் இந்தத் திருத்தம் சாத்தியம். இறுகிய செயற்கைப் பசையில் சாத்தியமில்லை.

தோல் வண்டுக்குப் பயந்து பூச்சி மருந்து தூவுவோர் உண்டு. முன்பு பி.எச்.சி. பொடியைத் தூவினார்கள். 1997-ல் அது தடை செய்யப்பட்டுவிட்டது. அத்தகைய மருந்துகள் தாயின் உடல் கொழுப்பில் சேர்ந்து பாலின் வழியே வெளிவரும். அந்தப் பாலை நம் வீட்டுக் குழந்தைதான் குடிக்கும். வைக்கோலோடு காய்ந்த வேப்பிலையைக் கலந்து திணித்து, வாரம் ஒரு முறை காலை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தாலே போதுமானது. கறந்து முடிந்ததும் கன்றை எடுத்து எலி, நாய் எட்டாத உயரத்தில் தொங்கவிட வேண்டும். தாயின் பக்கத்திலேயே விட்டுவைப்பதுதான் முன்னே சொன்ன விபத்துக்குக் காரணம். கறக்கும்போது கன்றின் முதுகில் கைப்பிடி தவிடும் சிட்டிகை உப்பும் தூவினால் தாய் அமைதியாக நக்கிக்கொண்டு நிற்கும்.

பக்குவமாகச் செய்த கன்று இரண்டு மூன்று மாதம் உழைக்கும். முடி உதிரவோ நாறவோ தொடங்கினால், ஒட்டுப்போட்டு நாளைக் கடத்தாமல் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைத்துவிடவும். விழுங்கிய முடி வயிற்றில் உருண்டையாகச் சேரும்.

இதற்குள் தாயைத் தீவனத்துக்கும் மடி நீவலுக்கும் பழக்கிவிட முடியும். கன்றைக் காட்டும் நேரத்தைத் தினம் சிறிது சிறிதாகக் குறைத்து வரவும். பல எருமைகள் ஒரு மாதத்தில் தவிட்டு வாளியின் ஓசைக்கே சுரப்பு விடப் பழகிவிடுகின்றன. அடுத்த ஈற்றில், கன்று பிறந்த அன்றே அதைப் பிரித்து, சீம்பாலைக் கறந்து, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் தவணையைப் புகட்டி வளர்ப்பதைப் பற்றியும் யோசிக்கலாம். கன்று எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால், தொப்புளுக்கு டிஞ்சர் அயோடின், பத்தாம் நாள் கால்நடை மருத்துவர் தரும் குடற்புழு மருந்து ஆகிய மூன்றும் தவறாமல் கிடைத்த கன்றுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன.